விரிவாக்கத் தலைப்பில் வாங்கிய டிஸ்க்

ஒரு வஸ்துவைக் காப்பாற்றியே தீருவது என்று அரசாங்கம் கங்கணம் கட்டிக்கொண்டால் அது பிழைப்பது கஷ்டம். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரன் காலத்துப் பிறப்பு, இறப்பு, கல்யாணப் பதிவேடுகளுக்கு 2003-ஆம் வருஷம் அந்தக் கதி வந்து சேர்ந்தது. 'எத்தா சிவில்' என்று டவுன் பெரியவர்கள் இன்னமும் சொல்கிற அந்தத் தோல் அட்டைப் புத்தகங்களைக் கரையான் தின்கிறது என்று யாரோ புண்ணியவான் எழுதிப் போட்டுவிட்டார். கரையானிடமிருந்து மீட்பதற்கென்று 'பழம்பதிவேடுகள் மின்மயமாக்கல், நவீனமாக்கல் மற்றும் பராமரிப்பு இயக்ககம்' பிறந்தது. பெயர்ப்பலகை கட்டடத்தைவிட நீளம். கடைசி மூன்று எழுத்துகள் பக்கத்து வீட்டுச் சுவரில் இருந்தன.

நான்கு வருஷத்தில் இயக்ககம் பதினோரு லட்சத்து நாற்பதாயிரம் பக்கங்களை ஸ்கேன் எடுத்தது. இயக்ககம் எடுத்தது என்றால் அமுதவல்லி எடுத்தாள் என்று அர்த்தம். மூலக்குளத்திலிருந்து தினமும் டெம்போவில் தொற்றிக்கொண்டு வருகிற ஒப்பந்த ஊழியர். இயக்ககத்தில் மொத்தம் இருபத்தாறு பேர். இருபத்தைந்து பேர் மேற்பார்வை.

ஸ்கேன் முடிந்ததும் இயக்குநர் விஜயராகவன் நவீனமாக்கலில் இறங்கினார். பதிவேடுகளை எடைக்குப் போட்டார். லாரி ஏறுவதற்குமுன் 'அனைத்துப் பக்கங்களும் கணினியில் சரியாக உள்ளன' என்று ஒரு சான்றிதழ் தேவைப்பட்டது. இருபத்தைந்து பேருக்கும் அன்றைக்குப் பார்த்துப் பேனா எழுதவில்லை.

"ஒனக்குத்தானேம்மா கம்ப்யூட்டர் தெரியும், போடு" என்று காகிதத்தை அமுதவல்லியிடம் நீட்டினார் இயக்குநர்.

போட்டாள். அன்றைக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்தது. லாரி வில்லியனூர் ரோட்டில் போய் மறைந்தது. இனி ஊரின் இருநூறு வருஷத்துப் பிள்ளைப்பேறும் சாவும் ஒரே ஒரு சர்வரில். அதற்குப் பொறுப்பு என்று உலகத்தில் இருந்த ஒரே கையெழுத்து அவளுடையது.

அந்த சர்வருக்குள் மூன்று ஹார்ட் டிஸ்க். தனித்தனியாக இல்லை; லினக்ஸ் மூன்றையும் ஒன்றாகக் கோத்து ஓட்டியது. சாஃப்ட்வேர் ரெய்டு என்பார்கள். மூன்றில் எது ஒன்று செத்தாலும் மற்ற இரண்டும் சேர்ந்து ஒரு பக்கம்கூட விடாமல் ஒப்பித்துவிடும். செத்ததற்குப் பதில் புதுசு வைத்தால் பழையபடி மூன்றும் சேர்ந்து நிற்கும். ஆனால் இரண்டு செத்தால் கோவிந்தா. மேலும் ஒன்றைச் சேர்த்து நாலாக்கினால் இடம் பெருகும். அதுதான் விரிவாக்கம்.

2007 மார்ச்சில் ஒன்று செத்தது. அமுதவல்லி அன்றைக்கே 'மாற்று டிஸ்க் தேவை' என்று கோப்பு வைத்தாள். கோப்பு ஜூன் மாதம் திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் 'இறந்ததற்குச் சான்று?' என்று எழுதியிருந்தது.

ஜூலை முதல் வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. சர்வர் அறையைப் பெருக்க வந்த பியூன் அம்மாவாசை துடைப்பத்தோடு நின்றுவிட்டார்.

"மேடம், உள்ள பல்லி இருக்குது. வடக்குப் பக்கம் பார்த்துச் சொல்லுது. நல்ல சேதிதான்."

அமுதவல்லி காதை வைத்துக் கேட்டாள். டக்... டக்... கொஞ்சம் ஓய்ந்து மறுபடி டக். பல்லி இல்லை. இரண்டாவது டிஸ்க்.

"அண்ணே, இந்த ரூம்ல யாரும் சுவிட்ச தொடக் கூடாது. இது ஒருவாட்டி நின்னுச்சுன்னா மறுபடி சுத்தாது. ஊரே போயிடும்."

"ஊரா?" என்று ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தார் அம்மாவாசை. ஊர் இருந்தது.

அதே வாரம் தெய்வம் கண் திறந்தது. புத்தம் புது டிஸ்க் ஒன்று இயக்ககத்துக்கு வந்து இறங்கியது. 2005-இல் 'இடம் நிறைகிறது, விரிவாக்கம் வேண்டும்' என்று அவள் எழுதியது, இரண்டு வருஷம் ஊர் சுற்றிவிட்டு இப்போது பலித்திருந்தது. அமுதவல்லி படியேறி ஓடினாள். கணக்குக் கண்காணிப்பாளர் சவரிராயன் அந்தப் பெட்டியைத் தன் இரும்பு அலமாரிக்குள் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டிருந்தார்.

"சார், அத இப்பவே குடுங்க. செத்த டிஸ்க் எடத்துல வச்சிடறேன். ரெண்டாவதும் இழுத்துக்கிட்டு கெடக்குது."

சவரிராயன் கெட்ட மனுஷர் இல்லை. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். முப்பது வருஷமாக ஒரு பைசா கையாடியதில்லை, ஒரு வேலை நடக்க விட்டதும் இல்லை.

"செத்த டிஸ்க்குக்குப் பதிலா வச்சா அது இன்னாம்மா?"

"மாத்துறது சார்."

"மாத்துறது பழுதுபார்ப்பு. பழுதுபார்ப்பு பட்ஜெட்ல வேற தலைப்பு. இது விரிவாக்கத் தலைப்புல வாங்குனது. விரிவாக்க டிஸ்க்கால பழுது பார்த்தா ஆடிட்காரன் என் தோல உரிச்சிடுவான். இது விரியத்தான் விரியலாம். வேற ஒண்ணும் பண்ணக்கூடாது."

"ரெண்டும் ஒரே டிஸ்க்குதான சார்? செத்தத மாத்தாம விரிக்கவும் முடியாது சார். மூணு சரியா இருந்தாத்தான் நாலாவது சேரும்."

"அது மெஷினோட பிரச்சன. மெஷினுக்கு விதி தெரியாது. நமக்குத் தெரியும்ல?"

இயக்குநரிடம் போனாள். விஜயராகவன் அவளை உட்காரச் சொன்னார். அதுவே ஒரு நல்ல சகுனம் என்று நம்பினாள். தலைப்பு விஷயத்தில் சவரிராயன் சொல்வதே விதி என்றார் அவர்.

"அப்ப ஒண்ணு பண்ணுங்க சார். நூறு டிவிடி வாங்கிக் குடுங்க. எல்லாத்தையும் ஒரு காப்பி எடுத்து வச்சிடறேன். அப்புறம் எது செத்தாலும் கவல இல்ல."

விஜயராகவனின் முகம் இருண்டது. "காப்பின்னா நகல். அரசு ஆவணத்தோட நகல். நகல்னா ஒவ்வொரு பக்கத்துலயும் 'உண்மை நகல்'னு கெஜட்டட் ஆபீசர் கையெழுத்து வேணும். இங்க கெஜட்டட் ஆபீசர் நான் ஒருத்தன். டிவிடிக்குள்ள நான் எப்படிம்மா கையெழுத்துப் போடறது? கையெழுத்து இல்லாத நகல் போலி. போலி ஆவணம் தயாரிக்கச் சொல்றியா என்னை?"

அமுதவல்லி எழுந்து வந்துவிட்டாள். அழுகை வந்தது, அதைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது. சாப்பாட்டு டப்பாவைத் திறந்தவள் அப்படியே மூடினாள். கீழே ஜன்னலில் முத்தியால்பேட்டை ஸ்டெல்லாமேரி நின்றுகொண்டிருந்தாள். அவள் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்துச் சொல்தா, அதாவது சிப்பாய். அவருடைய 1931-ஆம் வருஷத்துப் பிறப்புப் பக்கம் இருந்தால்தான் தாயாரின் பென்ஷன் நகரும். சர்வர் நிறைந்துவிட்டதால் பிரதி கொடுப்பதை இயக்ககம் நிறுத்திவைத்திருந்தது.

"பக்கம் பத்திரமா இருக்குதா மேடம்? அது ஒண்ணு சொல்லுங்க போதும்" என்றாள் ஸ்டெல்லாமேரி.

"இருக்குது" என்றாள் அமுதவல்லி. உள்ளே டக் என்றது.

விரிவாக்கத்துக்குத் திறப்புவிழா வைப்பது என்று முடிவாயிற்று. துறைச் செயலர் வருவதாக ஒப்புக்கொண்டார். பதினோரு நாள் தள்ளி ஒரு வியாழக்கிழமை. அதுவரை டிஸ்க் அலமாரிக்குள், மல்லிகைப்பூச் சுற்றி. அந்தப் பதினோரு நாளும் அமுதவல்லி காலையில் வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சர்வர் அறைக்குள் போய்க் காதை வைத்துக் கேட்பாள். சுற்றுகிற சத்தம் இருந்தால்தான் மூச்சு விடுவாள். டக் சத்தம் நாளைக்கு நாள் நெருக்கமாயிற்று.

விழாவுக்கு முந்தின நாள் இயக்குநர் சர்வர் அறைக்குள் நுழைந்தார்.

"காலைல சர்வர ஆஃப் பண்ணி வச்சிடும்மா. செயலர் வந்து சுவிட்ச் போட்டு ஆரம்பிச்சு வைப்பாரு."

அமுதவல்லி சர்வருக்குக் குறுக்கே போய் நின்றாள். "சார், ஆஃப் பண்ணா மறுபடி ஓடாது சார். பதினோரு லட்சம் பக்கமும் போயிடும்."

"ஓடிக்கிட்டிருக்கறத எப்படிம்மா தொடங்கி வைக்கறது? அவர் ஒண்ணுமே பண்ணாம திரும்பிப் போவாரா?"

அவள் மின்னல் வேகத்தில் யோசித்தாள். "மானிட்டர ஆஃப் பண்ணி வச்சிடறேன் சார். அவர் அந்த சுவிட்ச போடட்டும். வெளிச்சம் வரும். அப்புறம் என்டர் பட்டன் ஒண்ணையும் அவரே அழுத்தட்டும். ரெண்டு தொடக்கம்."

இரண்டு தொடக்கம் என்றதும் இயக்குநருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு அம்மாவாசை தாம்பாளத்தில் டிஸ்க்கை ஏந்தி சர்வர் அறைக்குள் வந்தார். ஆயுத பூஜைக்குச் செய்கிற மாதிரி பயபக்தியோடு நான்கு மூலையிலும் சந்தனம் குழைத்துக் குங்குமம் வைத்திருந்தார். ஒரு பொட்டு வயர் செருகும் பல்லின் மேலேயே இருந்தது.

"ஐயோ அண்ணே!"

"ஏன் மேடம், கொறஞ்சுடுச்சா?"

செயலருக்கு மாலை போடும் சந்தடியில் அமுதவல்லி பென்சில் ரப்பரால் அந்தப் பொட்டைச் சுரண்டினாள். சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே புது டிஸ்க்கைச் செருகினாள். கீபோர்டில் டிஸ்க்கைச் 'சேர்' என்கிற கட்டளையை அடித்து, என்டரை மட்டும் விட்டுவைத்தாள். விரிவாக்கத்துக்கும் முதல் படி அதுதான். பழுதுபார்ப்புக்கும் முதல் படி அதுதான். சேர்த்த அடுத்த நொடி ரெய்டு என்ன செய்யும் என்று அந்தக் கூட்டத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். தன்னில் ஒன்று செத்துக் கிடப்பதைப் பார்க்கும். வந்த புதுசை அந்த இடத்தில் உட்காரவைத்து எழுத ஆரம்பித்துவிடும். எந்தத் தலைப்பில் வாங்கினார்கள் என்று அது கேட்காது. இதை அவள் பதினோரு நாள் முன்பே எழுத்தில் கொடுத்தாயிற்று, யாரும் படிக்கவில்லை. மானிட்டரை அணைத்துவிட்டு எழுந்து, நாற்காலியைச் செயலருக்குத் திருப்பிவிட்டாள்.

செயலர் மானிட்டர் சுவிட்சைப் போட்டார், என்டரை அழுத்தினார். எல்லோரும் கைதட்டினார்கள். திரையில் 0.1 சதவீதம் என்று ஒரு கோடு முளைத்தது.

"இன்னா நடக்குது?" என்றார் செயலர்.

"டிஸ்க் சேர்ந்துக்கிட்டு இருக்குது சார். நாலரை மணி நேரம் ஆகும்" என்றாள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

அந்த நாலரை மணி நேரமும் பழைய டிஸ்க் தன்னில் இருக்கிறதையெல்லாம் படித்துக் கொடுத்தாக வேண்டும். நடுவில் அது மண்டையைப் போட்டால் எல்லாம் முடிந்தது. டக், டக். பக்கத்து மண்டபத்தில் சொற்பொழிவு தொடங்கியது.

"ஒரு காலத்தில் இந்த அலுவலகத்தில் ஒரு பக்கத்தைத் தேட ஒரு நாள் ஆகும்" என்று மைக்கில் முழங்கினார் விஜயராகவன். "இன்றைக்கு? பக்கமே இல்லை!" கைதட்டல். "கரையான் வந்தது. ஏமாந்து போனது. ஏன்? கரையான் தின்பதற்குள் நாம் விற்றுவிட்டோம்!"

செயலர் பெரிய மனுஷர், ஆழமாகப் பேசினார். "சேமிப்புத் திறன் என்பது எவ்வளவு வைத்திருக்கிறோம் என்பதல்ல. எவ்வளவு காலியாக இருக்கிறது என்பதே திறன். காலியாக இருப்பதில் நம் துறை நாட்டுக்கே முன்னோடி. அடுத்த மாதம் நானே நேரில் வந்து அந்தக் காலி இடத்தைப் பார்வையிடுவேன்!"

பன்னிரண்டு நாற்பதுக்கு, கோடு முப்பத்தொன்றைத் தொட்டபோது, கரண்ட் போனது.

யுபிஎஸ் கீச்சென்று கத்தியது. சர்வர் மட்டும் என்றால் நாற்பது நிமிஷம் தாங்கும். அமுதவல்லி அளவுமானியைப் பார்த்தாள்: ஆறு நிமிஷம். கரண்ட் போயும் மண்டபத்தில் மைக் பாடிக்கொண்டிருந்தது! சீரியல் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது! இரண்டு பெரிய ஃபேன், டீ கொதிக்கிற பாய்லர், எல்லாவற்றையும் எவனோ மகராசன் யுபிஎஸ்ஸில் சொருகியிருக்கிறான். வயரைப் பிடித்துக்கொண்டே ஓடினாள். பாய்லரைப் பிடுங்கினாள். விளக்கைப் பிடுங்கினாள். ஃபேன் வயர் சவரிராயனின் நாற்காலிக்கு அடியில் போனது.

"சார், காலத் தூக்குங்க!"

"இன்னாம்மா இது, அதிகாரி முன்னாடி!"

"காலத் தூக்குங்க சார்!" என்று கத்தியே விட்டாள். முப்பது வருஷ சர்வீஸில் சவரிராயன் எழுத்து மூலமான உத்தரவு இல்லாமல் செய்த முதல் காரியம் அதுதான், தூக்கினார்.

மைக் மட்டும் மிச்சம். செயலர் "நான் இறுதியாக ஒன்று சொல்லி அமர்கிறேன்" என்று ஐந்தாவது முறையாகச் சொன்னார். அமுதவல்லி பிடுங்கினாள். செயலர் வாயசைத்தார், சத்தம் வரவில்லை. ஆனாலும் கைதட்டினார்கள்.

முப்பத்தைந்து நிமிஷம் கழித்துக் கரண்ட் வந்தபோது யுபிஎஸ்ஸில் இரண்டு நிமிஷம் பாக்கியிருந்தது. விருந்தாளிகள் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அவள் தரையில் உட்கார்ந்து கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அறுபது. எழுபத்தைந்து. எண்பத்தெட்டில் டக் சத்தம் நிற்காமல் அடித்தது, கோடு அசையவில்லை. "போயிடாத, இன்னும் கொஞ்ச நேரம்" என்று இரும்புப் பெட்டியிடம் வாய்விட்டுக் கெஞ்சினாள். அசைந்தது. நான்கு மணிக்கு நூறு. அமுதவல்லி முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அம்மாவாசை எடுத்துவைத்திருந்த ஆறிப்போன கேசரி முழுவதையும் தின்றாள்.

மறுநாள் காலை ஒன்பதே காலுக்குப் பழைய டிஸ்க் செத்தது. ஒரு பக்கம்கூடப் போகவில்லை. ஆனால் மூன்றில் மறுபடியும் இரண்டுதான்.

இடம் இம்மிகூட விரியவில்லை என்று தெரிந்ததும், பத்து மணிக்கு இயக்குநரிடமிருந்து மெமோ வந்தது. 'விரிவாக்கத் தலைப்பில் வாங்கப்பட்ட டிஸ்க்கை விதிகளுக்கு முரணாகப் பழுதுபார்ப்பில் ஈடுபடுத்தியது ஏன்? சான்றிதழில் கையொப்பமிட்டவர் என்ற முறையில் ஏழு நாளுக்குள் விளக்கம் தரவும்.' அவள் ஏழு நிமிஷத்தில் தந்தாள். 'மேற்படி பட்டனை அழுத்தியவர் மாண்பமை செயலர் அவர்கள்.'

மெமோ வந்த வழியே திரும்பிப் போயிற்று.

ஆனால் செயலர் அடுத்த மாதம் காலி இடத்தைப் பார்க்க வருகிறாரே! விஜயராகவன் மூன்று நாள் தூங்கவில்லை. நான்காம் நாள் பளபளவென்று வந்தார்.

"பாதிய அழிச்சிடும்மா. பாதி போனா பாதி எடம் காலி. விரிஞ்சிடுச்சா இல்லியா?"

அமுதவல்லி கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "எந்தப் பாதி சார்?"

"செத்தவங்களோடத எடு. அவங்க வந்து கேக்க மாட்டாங்க."

"பொறந்தவங்கள்லயும் முக்காவாசி செத்துட்டாங்க சார்" என்றார் சவரிராயன், துல்லியம் கருதி.

"அப்ப ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அம்பதுக்கு முன்னாடி எல்லாம்" என்றார் இயக்குநர். உத்தரவு எழுத்திலேயே வந்துவிட்டது. முப்பத்தொன்றில் பிறந்த ஸ்டெல்லாமேரியின் அப்பாவும் அதில் போகிறார்.

பிள்ளையைத் தூக்குகிற மாதிரி ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு கையாலும் தூக்கி ஸ்கேனரில் வைத்தவள் அமுதவல்லி. அழிக்கிற கையும் அவள் கையாக வேண்டுமாம். சாயங்காலம் ஐந்தரைக்கு உட்கார்ந்து ஒரு குறிப்பு எழுதினாள். நாலு வருஷம் இவர்களோடு குப்பை கொட்டியது வீண் போகவில்லை.

'உத்தரவுப்படி அழிக்கத் தயார். அரசு ஆவணத்தின் நகலுக்கே பக்கத்துக்குப் பக்கம் கெஜட்டட் அதிகாரி கையொப்பம் தேவை என இயக்குநர் அறிவுறுத்தியுள்ளார். அழிப்புக்கு அது தேவையில்லை எனில், அவ்வாறே தன் கைப்பட எழுதித் தர வேண்டுகிறேன். தேவை எனில், பக்கங்கள் அச்சிட்டு மேசைக்கு வைக்கப்படும்.'

தேவையில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதா? விஜயராகவன் பேனாவைத் தொட்டார், விட்டார். 'அச்சிடுக' என்று எழுதினார். சவரிராயன் கீழே ஒரு வரி சேர்த்தார்: 'அழிக்கும் பாதியை அழிக்காத பாதியுடன் ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டியிருப்பதால், அதையும் அச்சிடுக.' காகிதம் மறுநாளே வண்டி வண்டியாக வந்து இறங்கியது. அழிப்புத் தலைப்பில் இதுவரை யாரும் கை வைத்ததே இல்லையாம்.

நான்கு மாதம் இரண்டு பிரின்டர் ஓய்வில்லாமல் ஓடியது. இயக்குநர் ஒரு நாளைக்கு இருநூறு பக்கம் 'கண்டேன்' என்று கையெழுத்திட்டார். அந்தக் கணக்கில் அழிப்பு தொடங்க இன்னும் பதினோரு வருஷம் ஆகும். அவர் ரிட்டயராகப் பதினான்கு மாதம். செயலரும் மாற்றலாகிப் போனார். காலி இடத்தைப் பற்றி அப்புறம் யாரும் கேட்கவில்லை. அமுதவல்லி முதல் கட்டிலேயே சேர்த்துவைத்ததால், ஸ்டெல்லாமேரிக்கு அவள் அப்பாவின் பக்கம் கெஜட்டட் கையெழுத்தோடு கிடைத்தது. பதிவேடுகளை விற்றுக் காலிசெய்த அறை கூரை வரைக்கும் காகிதக் கட்டால் நிறைந்தது.

பிப்ரவரியில் அம்மாவாசை ஓடி வந்தார். "மேடம், மூலைல கரையான்!"

அமுதவல்லி அந்த நிமிஷமே கோப்பு வைத்தாள். 'கரையானிடமிருந்து காக்க, மின்மயமாக்கம் விரிவாக்கப்பட வேண்டும். நான்கு டிஸ்க் தேவை.' சவரிராயன் படித்துப் பார்த்து, "சரியான தலைப்பு" என்று மெச்சினார். ஒரே வாரத்தில் நான்கும் வந்தன. விழா இல்லை, தாம்பாளம் இல்லை. செத்ததன் இடத்தில் ஒன்றை வைத்தாள், இன்னொன்றைச் சேர்த்து நாலாக்கி விரித்தாள், மற்ற இரண்டைப் பத்திரமாக எடுத்துவைத்தாள். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் ரெய்டு முழுசாக நின்றது, இடமும் ஏராளம்.

விஜயராகவனுக்கு அவளை உட்காரச் சொல்லும் அளவுக்குச் சந்தோஷம். மேசைமேல் ஒரு காகிதத்தை அவள் பக்கம் தள்ளினார். 'அனைத்துப் பக்கங்களும் கணினியில் சரியாக உள்ளன.'

"ஒரு கையெழுத்துப் போட்டுடும்மா. காகிதக் கட்டெல்லாம் எடைக்குப் போட்டுட்டு ரூம காலி பண்ணிடலாம். லாரி வெளிய நிக்குது."

அமுதவல்லி காகிதத்தை எடுத்து முழுசாகப் படித்தாள். மடியில் இருந்த பேனாவை எடுத்து, மூடியைப் போட்டு அழுத்தி, பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"பேனா எழுதல சார்" என்றாள். "நீங்க போடுங்க."

விஜயராகவன் சவரிராயனைப் பார்த்தார். சவரிராயன் ஜன்னலைப் பார்த்தார். லாரிக்காரன் சாயங்காலம் வரை ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு, வெறும் வண்டியோடு போய்விட்டான்.